நூல், முடிச்சு, விமானம்: வீட்டிலேயே விமானம் கட்டியவர்களின் ஒயரிங் கதை

இந்த எபிசோடை ஒரு சின்னப் பொருளிலிருந்து ஆரம்பிக்கலாம். உங்க கம்ப்யூட்டர் மேசைக்குக் கீழே கொஞ்சம் குனிஞ்சு பாருங்க. சார்ஜர் ஒயர், மானிட்டர் ஒயர், ரவுட்டர் ஒயர் எல்லாத்தையும் சேர்த்து ஒரு பிளாஸ்டிக் பட்டை இறுக்கிப் பிடிச்சிருக்கும். ஒரு முனையைத் தலைக்குள்ள விட்டு இழுத்தா கிர்ருனு இறுகும், திரும்பி வராது. சிலர் கேபிள் டைனு சொல்வாங்க, சிலர் ஜிப் டை, சில கடையில 'டேக்'.

இந்தப் பட்டை விமானத்துக்காகவே கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் இன்றைக்கு அமெரிக்காவில் தன் வீட்டு கராஜில் சொந்தமாக விமானம் கட்டுகிற ஒருவரிடம் போய், "ஒயரை எல்லாம் கேபிள் டை போட்டுக் கட்டிடலாமே?" என்று கேட்டுப் பாருங்கள். நிறையப் பேர் முகம் சுளிப்பார்கள். அவர்கள் கையில் மெழுகு தடவிய ஒரு நூல் உருண்டை இருக்கும். ஒவ்வொரு முடிச்சாக, கையால் கட்டிக்கொண்டிருப்பார்கள். அறுபது எழுபது வருஷத்துக்கு முன்னாடி தொழிற்சாலைகள் எதிலிருந்து தப்பிக்க நினைத்தனவோ, அதே வேலை.

ஏன் திரும்பிப் போனார்கள்? அதுதான் இன்றைய கதை.

ஒரே ஒரு ஒயர்

முதலில், வீட்டில் விமானம் கட்டுவதா என்று சிலருக்குத் தோன்றும். ஆமாம், கட்டுகிறார்கள். நூறு வருஷமாகவே கட்டுகிறார்கள். 1929-இல் மினசோட்டா மாநிலத்தில் செர்ரி குரோவ் என்ற சின்ன ஊரில் பெர்னார்ட் பீட்டன்போல் என்பவர் மரத்தையும் துணியையும் வைத்து ஒரு விமானம் கட்டினார். இஞ்சின் எங்கிருந்து? ஃபோர்ட் மாடல் ஏ காரிலிருந்து. 'ஏர் கேம்பர்' என்று பெயர். அதன் வரைபடத்தை வாங்கி இன்றும் கட்டுகிறவர்கள் உண்டு.

அந்த மாதிரி விமானத்தில் எலெக்ட்ரிக்கல் என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக எதுவும் கிடையாது. பேட்டரி இல்லை, விளக்கு இல்லை, ரேடியோ இல்லை. ஸ்டார்ட் பண்ண ஒரு ஆள் முன்னாடி நின்று புரொப்பெல்லரைக் கையால் சுழற்றணும். இஞ்சினுக்குள்ளே பொறி தருவது மேக்னெட்டோ. அது தானாகவே மின்சாரம் உண்டாக்கிக்கொள்ளும், வெளியிலிருந்து எதுவும் தேவையில்லை.

ஆனாலும் ஒரே ஒரு ஒயர் முக்கியம். மேக்னெட்டோவிலிருந்து விமானியின் ஸ்விட்சுக்கு வருவது. இது நம் வீட்டு ஸ்விட்ச் மாதிரி கிடையாது, நேர் எதிர். வீட்டில் ஒயர் அறுந்தால் விளக்கு அணையும். மேக்னெட்டோவை அணைக்க அந்த ஒயரை இஞ்சின் உடம்போடு, அதாவது எர்த்தோடு, சேர்க்க வேண்டும். அந்த ஒயர் அறுந்துபோனால் ஸ்விட்ச் 'ஆஃப்' என்று காட்டும், மேக்னெட்டோ உயிரோடு இருக்கும். இஞ்சின் அணைந்துதானே இருக்கு என்று யாராவது புரொப்பெல்லரைத் தொட்டுத் திருப்பினால், அது சட்டென்று உதைத்துச் சுழலலாம். கை போகும், உயிரும் போகும். விமானத்தில் ஒரே ஒரு ஒயர் இருந்த காலத்திலேயே அது ஒழுங்காக ஓடியதா, எங்கேயாவது உரசியதா என்பது சின்ன விஷயமாக இல்லை.

கப்பல்காரர் முடிச்சு

ஒயர்கள் பெருகியபோது அவற்றைக் கட்ட ஒரு வழி தேவைப்பட்டது. விமானக்காரர்கள் புதிதாக எதையும் யோசிக்கவில்லை, பக்கத்துத் தொழிலில் இருந்து எடுத்துக்கொண்டார்கள். அந்தக் காலத்து டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் படம் பார்த்திருக்கிறீர்களா? சுவர் மாதிரி நிற்கும் ரேக்குகளின் பின்னால் ஆயிரக்கணக்கான ஒயர்கள், சடை பின்னியது போல வரிசையாக ஓடும். அதைக் கட்டியது மெழுகு தடவிய லினன் நூல். ஒரே நூல், கட்டு நெடுக ஓடி, குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு முடிச்சு. டெலிபோன்காரர்களுக்கு முன்பே பாய்மரக் கப்பல்காரர்கள் சுருட்டிய பாயை இதே மாதிரி முடிச்சால் கட்டியிருக்கிறார்கள்.

பூ கட்டுறவங்க விரலை நீங்க கவனிச்சிருப்பீங்க. நாரை விரலில் ஒரு சுற்று, பூவை வச்சு ஒரு இழுப்பு, அடுத்த பூ. கண் வேற எங்கேயோ பார்க்கும், வாய் பேசிக்கிட்டே இருக்கும், கை நிக்காது. ஒயர் கட்டுறதும் ஏறக்குறைய அதே வேலைதான். ஒரு வித்தியாசம், இங்கே நூலை ரொம்ப பலமா இழுக்கணும்.

1956-இல் அந்த இழுப்பைக் கவனித்தவர் மாரஸ் லோகன். தாமஸ் அண்ட் பெட்ஸ் என்ற மின்சாதனக் கம்பெனியில் வேலை பார்த்தவர். போயிங் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்கப் போயிருந்தார். அங்கே நீளநீளமான பிளைவுட் பலகைகள் மேல் விமானத்தின் ஒயர்களைப் பரப்பி வைத்து, மெழுகு பூசிய நைலான் நூலால் தொழிலாளர்கள் ஒவ்வொரு முடிச்சாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். இறுக்குவதற்காக நூலை விரலில் சுற்றி இழுக்கணும். நூல் விரலை அறுக்கும். நாளடைவில் அந்த இடம் காய்த்துப்போகும்.

லோகன் இரண்டு வருஷம் அதிலேயே மண்டையை உடைத்துக்கொண்டார். 1958-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 'டை-ராப்' என்ற பெயரில் வந்த அந்தப் பட்டையின் தலைக்குள் சின்ன உலோகப் பல் ஒன்று பிடித்துக்கொள்ளும். பல்லும் சேர்த்து முழுக்க நைலானிலேயே வந்தது பிறகுதான். தொழிலாளியின் விரலைக் காப்பாற்ற வந்த பொருள் அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவி, நம்ம மேசைக்குக் கீழேயும் வந்து சேர்ந்தது.

800 டாலர் விமானம்

இதே காலகட்டத்தில் இன்னொரு பக்கம் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. 1953 ஜனவரியில் விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கியில் பால் பொபரெஸ்னி என்பவர், சொந்தமாக விமானம் கட்டும் ஆசை உள்ள சிலரைச் சேர்த்து ஒரு சங்கம் ஆரம்பித்தார். எக்ஸ்பெரிமென்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன், சுருக்கமாக இஏஏ. அப்போது கூட வந்தவர்கள் ஒரு சின்னக் கூட்டம்தான். 1955-இல் 'மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' பத்திரிகையில், இஞ்சினோடு சேர்த்து 800 டாலருக்குள் விமானம் கட்டலாம் என்று பொபரெஸ்னி ஒரு தொடர் எழுதினார். கடிதங்கள் குவிந்தன. இப்போது வருஷா வருஷம் ஜூலையில் ஆஷ்காஷ் என்ற ஊரில் இவர்கள் நடத்தும் விழா, விமானப் பைத்தியங்களுக்குக் கும்பமேளா மாதிரி.

அமெரிக்கச் சட்டம் இவர்களுக்கு ஒரு பெரிய சலுகை கொடுத்தது. விமானத்தின் பெரும்பகுதியைக் கட்டியவர் தன் படிப்புக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ கட்டினார் என்று காட்டினால் போதும். அதை '51 சதவீத விதி' என்பார்கள். போயிங் போன்ற கம்பெனி ஒரு ஒயரை மாற்ற எத்தனை கையெழுத்து வாங்கணுமோ, அதெல்லாம் இங்கே கிடையாது. எந்த ஒயர், எந்த வழி, எந்த முடிச்சு, எல்லாம் கட்டுகிறவர் இஷ்டம். கடைசியில் ஒரு ஆய்வாளர் வந்து பார்ப்பார். ஆனால் பேனலுக்குப் பின்னாடி ஒவ்வொரு இஞ்சாகத் தடவிப் பார்க்க அவரால் முடியாது.

சுதந்திரம் நல்லதுதான். ஆனா யார் சொல்லிக் கொடுப்பது?

ஆரம்பத்தில் பிரச்சினை பெரிதாகத் தெரியவில்லை, ஏனென்றால் ஒயரே குறைவு. அப்புறம் ஸ்டார்ட்டர் மோட்டார் வந்தது, ஆல்டர்னேட்டர் வந்தது, ரேடியோ, விளக்கு, இன்டர்காம், டிரான்ஸ்பாண்டர் என்று ஒவ்வொன்றாக வந்தன. 1970-களில் இன்னொரு திருப்பம். 1975-இல் பர்ட் ரூட்டன் 'வேரிஈஸ்' என்ற விமானத்தைப் பறக்கவிட்டார். கண்ணாடி இழையும் ஃபோமும் சேர்த்துச் செய்த உடம்பு. அலுமினிய விமானத்தில் உடம்பே நெகட்டிவ் ஒயர் மாதிரி வேலை செய்யும். நம்ம பைக் சேசிஸ் மாதிரி, பேட்டரியின் ஒரு முனையை உடம்போடு இணைத்துவிட்டால் போதும். கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது. ஒவ்வொரு கருவிக்கும் போக ஒரு ஒயர், திரும்ப ஒரு ஒயர். ஒரே அடியாக வேலை கூடியது.

அதோடு ஒரு சத்தமும் வந்தது. ஹெட்போன்ல 'உய்ய்ய்ங்'னு ஒரு இரைச்சல், இஞ்சின் வேகம் கூடினா அதுவும் கூடும். பாட்காஸ்ட் ரெக்கார்ட் பண்றவங்களுக்கு இந்த வயித்தெரிச்சல் நல்லாத் தெரியும். ஆல்டர்னேட்டரின் மின்சாரமும் ஹெட்போனின் மெல்லிய சிக்னலும் ஒரே எர்த் பாதையைப் பங்குபோட்டால் இந்தச் சத்தம் நுழைந்துவிடும்.

இந்த இடத்தில்தான் பாப் நக்கல்ஸ் வருகிறார். கான்சஸ் மாநிலத்தின் விச்சிட்டாவைச் சேர்ந்தவர். செஸ்னா, பீச் போன்ற கம்பெனிகளின் ஊர் அது. விமானத் தொழிலில் எலெக்ட்ரிக்கல் இன்ஜினியராக இருந்தவர், வீட்டில் விமானம் கட்டுகிறவர்களுக்காக 'ஏரோஎலெக்ட்ரிக் கனெக்ஷன்' என்று ஒரு புத்தகம் எழுதினார். வார இறுதிகளில் ஊர் ஊராகப் போய் வகுப்பும் எடுத்தார். எல்லா எர்த் ஒயர்களையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவா என்றார். இஞ்சினுக்கும் விமானிக்கும் நடுவில் இருக்கும் தடுப்புத் தகட்டில் ஒரு பித்தளைப் பட்டை, அதில் வரிசையாக முளைத்த முனைகள். 'உய்ய்ங்' சத்தம் அதோடு போனது, எல்லாருக்கும் இல்லை, நிறையப் பேருக்கு.

இதைவிடப் பெரிய விஷயம் அவர் கேட்கச் சொன்ன கேள்வி. இந்த ஒயர் அறுந்தால் என்ன ஆகும்? இந்தக் கருவி செத்தால் நான் எப்படி இறங்குவேன்? ஆல்டர்னேட்டர் போய்விட்டது, பேட்டரி மட்டும்தான் என்றால், எது எதை அணைத்துவிட்டு எது எதை வைத்துக்கொள்வேன்? இந்தக் கேள்விகளுக்குத் தரையில் நாற்காலியில் உட்கார்ந்து பதில் எழுதிவிட்டு, அதற்கேற்ப வரைபடம் போடச் சொன்னார். என் கணக்கில் ஒயரிங் ஒழுங்கு ஆரம்பிப்பது முடிச்சில் இல்லை, இந்தத் தாளில்தான். இஞ்சினின் பொறியே எலெக்ட்ரானிக்ஸ் ஆகிப்போன விமானங்கள் பெருகியபோது அந்தத் தாளின் மதிப்பு இன்னும் கூடியது. அங்கே மின்சாரம் போனால் இஞ்சின் போச்சு.

உரசல்

இப்போது கொஞ்சம் கனமான பகுதி.

1967 ஜனவரி 27. கேப் கென்னடியில் அப்பல்லோ விண்கலத்தின் ஒத்திகை. கஸ் கிரிஸ்ஸம், எட் ஒயிட், ராஜர் சாஃபி மூன்று பேரும் உள்ளே கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே நிரப்பியிருந்தது சுத்த ஆக்ஸிஜன். தீப்பிடித்தது. சில நொடிகளில் எல்லாம் முடிந்தது. ஆய்வுக் குழுவால் இதுதான் காரணம் என்று ஒரு ஒயரைச் சுட்டிக்காட்ட முடியவில்லை, அந்த அளவுக்கு எரிந்துபோயிருந்தது. ஆனால் கீழ்த்தளத்தை ஒட்டி ஓடிய ஒயரில் ஏற்பட்ட மின்பொறியாக இருக்கவே அதிக வாய்ப்பு என்று சொன்னார்கள். வடிவமைப்பிலும் கைவேலையிலும் தரச் சோதனையிலும் குறைகள் இருந்ததாக எழுதினார்கள். விண்கலத்துக்குள் யாரோ மறந்துவிட்டுப்போன ஒரு ஸ்பேனர் சாக்கெட்டும் கிடைத்தது.

அடுத்தது 1998 செப்டம்பர் 2. சுவிஸ்ஏர் 111, நியூயார்க்கிலிருந்து ஜெனீவாவுக்குப் போன எம்டி-11 விமானம். இரவு 10:10 மணிக்கு விமானிகளுக்கு ஏதோ ஒரு வாடை வந்தது. கனடாவின் ஹாலிஃபாக்ஸில் இறங்கத் திருப்பினார்கள். 10:31-க்கு பெகிஸ் கோவ் பக்கம் கடலில் விழுந்தது. இடையில் இருந்தது 21 நிமிடம். 229 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

கனடா ஆய்வாளர்கள் நாலு வருஷத்துக்கும் மேல் உழைத்தார்கள். கடலடியிலிருந்து விமானத்தின் பெரும்பகுதியைத் துண்டு துண்டாக எடுத்து, முன்பகுதியை மறுபடி கட்டி நிறுத்தினார்கள். தீ ஆரம்பித்த இடம் விமானிகள் அறையின் மேற்கூரைக்குப் பின்னால். அங்கே கிடைத்த ஒயர்களில் ஒன்றில் செம்பு உருகித் திரும்ப உறைந்த தடம் இருந்தது. பயணிகள் படம் பார்க்கவும் விளையாடவும் பிற்பாடு பொருத்திய பொழுதுபோக்குச் சாதனத்தின் ஒயர் அது. பொறி பட்டவுடன் பற்றிக்கொண்டது, பக்கத்திலிருந்த காப்புப் போர்வையின் மேலுறை.

இந்த அறிக்கையில் என்னைத் தூங்கவிடாத ஒரு விஷயம் இருக்கு. கேபினுக்குப் போகும் மின்சாரத்தை ஒரேயடியாகத் துண்டிக்க விமானிகளிடம் ஒரு ஸ்விட்ச் இருந்தது. ஆனால் அந்தப் பொழுதுபோக்குச் சாதனத்தை வேறொரு மின்பாதையில் இணைத்திருந்தார்கள். அந்த ஸ்விட்சை அணைத்தாலும் அதற்கு மின்சாரம் போய்க்கொண்டேதான் இருக்கும். ஸ்விட்சின் மேல் எழுதியிருந்ததும் ஒயர் ஓடிய பாதையும் ஒன்றாக இல்லை. ஃபியூஸ் மாதிரி காப்பாற்ற வேண்டிய சர்க்யூட் பிரேக்கரும் இப்படிப்பட்ட சின்னச் சின்னப் பொறிகளைக் கண்டுபிடிக்கும்படி செய்யப்பட்டதில்லை. அளவுக்கு மேல் மின்சாரம் தொடர்ந்து ஓடினாலோ முழு ஷார்ட் ஆனாலோதான் அது விழும்.

அதுவரை விமான உலகம் ஒயரை ஒரு கருவியிலிருந்து இன்னொரு கருவிக்குப் போகும் கோடாகத்தான் பார்த்தது. 2007-இல் அமெரிக்க விமானத் துறை, பெரிய பயணிகள் விமானங்களுக்கு ஒரு புது விதித் தொகுப்பு கொண்டுவந்தது. அதில் ஒயர், அதைப் பிடிக்கும் கிளிப், கட்டும் நூல், மூடும் உறை எல்லாமே சேர்ந்து ஒரு தனி அமைப்பு என்று எழுதினார்கள். நூலுக்கும் ஒரு வழியாகச் சட்டத்தில் இடம் கிடைத்தது.

சரி, கராஜில் இரண்டு சீட் விமானம் கட்டுறவருக்கு இதனால் என்ன? அந்த விதி அவரைக் கட்டுப்படுத்தாது. ஆனால் உரசல் என்பது எல்லா விமானத்துக்கும் பொது. கணக்குப் போட்டுப் பாருங்க. சின்ன விமானத்தின் புரொப்பெல்லர் நிமிஷத்துக்கு 2,700 சுற்று வரை சுத்தும். ஒரு மணி நேரத்துக்கு 1,62,000 சுற்று. ஒவ்வொரு சுற்றும் உடம்பை ஒரு உதறு உதறும். அலுமினியத் தகட்டின் விளிம்பில் ஒரு ஒயர் லேசாக, மயிரிழை அளவு தொட்டுக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? மெல்லிய ஒயரின் மேலுறை கால் மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். அத்தனை உதறலும் சேர்ந்து அதை அரம் மாதிரி ராவிவிடும்.

மறுபடியும் நூல்

இப்போது அந்த நூல் உருண்டைக்காரரிடம் திரும்பி வருவோம். அவர் என்ன செய்கிறார் என்று பார்த்தால், ஏன் செய்கிறார் என்பது தானாகப் புரியும்.

ஒயர் வாங்குவதிலேயே ஆரம்பிக்கிறது. வீட்டுக்குப் போடும் ஒயரின் மேலுறை பிவிசி. அது எரிந்தால் கண்ணையும் நுரையீரலையும் அரிக்கும் அமிலப் புகை வரும். ஓட்டோ காரோ என்றால் ஓரமாக நிறுத்தி இறங்கி ஓடலாம். வானத்தில் எங்கே ஓடுவது? அதனால் 'டெஃப்ஸெல்' உறை போட்ட, வெள்ளியமோ வெள்ளியோ பூசிய இழைகள் கொண்ட ஒயரை வாங்குகிறார். விலை அதிகம், வாங்கித்தான் ஆகணும். ஆனா சுவிஸ்ஏர்ல பொறி வந்த தடம் இருந்த அந்த ஒயரும் இதே குடும்பத்து உறை போட்டதுதான். நல்ல ஒயர் வாங்கியாச்சுன்னு மட்டும் நிம்மதியாகிட முடியாது.

அடுத்து முனைகள். சால்டரிங் தெரிந்தவர்கள் எல்லாவற்றையும் ஈயம் வைத்து ஒட்டத்தான் பார்ப்பார்கள். அதில் ஒரு சிக்கல். உருகிய ஈயம் இழைகளுக்கு நடுவில் ஊறி உள்ளே ஏறும், அந்த நீளம் கம்பி மாதிரி விறைத்துப்போகும். விறைப்பு முடிந்து நெகிழ்வு ஆரம்பிக்கும் இடத்தில், அதிர்வில் ஒயர் முறியும். ஒட்டிய இடத்துக்கு ஆதரவு கொடுத்தால் தப்பிக்கலாம். அழுத்தி நசுக்கிப் பொருத்தும் முனை, அதாவது கிரிம்ப், இந்த வேலையைச் சுலபமாக்கியது. 1941-இல் ஆரம்பித்த ஏம்ப் என்ற கம்பெனிக்குச் சோறு போட்டதே இதுதான். அதன் முழுப்பெயர் ஏர்கிராஃப்ட் மெரைன் புராடக்ட்ஸ். போர்க்காலத்தில் விமானங்களுக்கும் கப்பல்களுக்கும் ஈயம் வேண்டாத முனைகளை விற்றார்கள். இன்றும் வீட்டு விமானக்காரர்கள் இரட்டைப் பிடி கொண்ட அதே வகை முனையைத்தான் தேடி வாங்குகிறார்கள். ஒரு பிடி செம்பைப் பிடிக்கும், இன்னொன்று மேலுறையைப் பிடிக்கும். ஆட்டம் செம்பு வரை போகாது.

பிறகு பாதை. அமெரிக்க விமானத் துறையின் ஏசி 43.13 என்ற தடிமனான கையேடு இங்கே வேதம் மாதிரி. பெட்ரோல் குழாயும் ஒயரும் பக்கத்துப் பக்கத்தில் போனால், ஒயர் மேலே, குழாய் கீழே. குழாய் மேலே இருந்து கசிந்தால் சொட்டு எங்கே விழும்னு யோசிங்க. இரண்டு பிடிப்புகளுக்கு நடுவில் விரலால் அழுத்தினால் அரை இஞ்சுக்கு மேல் தொங்கக் கூடாது. வளைவு கட்டின் தடிமனைப் போலப் பத்து மடங்காவது இருக்கணும், மடக்கக் கூடாது. தகட்டில் ஓட்டை வழியாகப் போனால் ஓட்டைக்கு ரப்பர் வளையம். கனெக்டருக்குள் நுழையும் முன் ஒயர் கொஞ்சம் கீழே தொங்கி மேலே ஏறணும், அப்போதுதான் வழிந்து வரும் தண்ணீர் கனெக்டருக்குள் போகாமல் அங்கேயே சொட்டும். கட்டைப் பிடிக்க 'ஏடல் கிளாம்ப்' என்று ரப்பர் மெத்தை வைத்த உலோக வளையம் ஒன்று இருக்கிறது. இடுக்கில் கையை விட்டு அதை மூடி, திருகைக் கோர்ப்பதற்குள் நாலு பேருக்கு நல்ல வார்த்தை வாயில் வராது. வீட்டு விமானக்காரர்கள் யாரைக் கேட்டாலும் இந்த கிளாம்ப் பற்றிச் சொல்ல ஒரு கதை வைத்திருப்பார்கள்.

எல்லாம் ஓடி முடிந்த பிறகு நூல். பெயர்தான் நூல், இப்போது வருவது பெரும்பாலும் தட்டையான நாடா. ஒயர் கட்டைச் சுற்றி இரண்டு வளையம், இரண்டாவது முதல் வளையத்தைக் குறுக்கே மிதித்துப் போகும். அதற்கு மேல் ஒரு சதுர முடிச்சு. நுனியை வெட்டு. கொஞ்சம் தள்ளி அடுத்தது. டெலிபோன்காரர் மாதிரி ஒரே நூலை நெடுக ஓட்டாமல் தனித்தனி முடிச்சாகவே பெரும்பாலும் போடுகிறார்கள். ஒன்று அறுந்தால் மற்றவை நிற்கும். நாசாவின் ஆட்களும் இதைத்தான் செய்கிறார்கள். செவ்வாயில் ஓடும் கியூரியாசிட்டி வண்டியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், ஒயர் கட்டுகளில் வரிசையாக இந்த முடிச்சுகள் தெரியும்.

கேபிள் டை ஏன் வேண்டாம் என்கிறார்கள்? அதன் தலை கெட்டி, பக்கத்து ஒயரில் உரசும். ரொம்ப இறுக்கினால் மெல்லிய உறையைக் கடிக்கும். சாதாரண நைலான் இஞ்சின் சூட்டில் காய்ந்து நொறுங்கும். வாலை வெட்டிய இடம் கத்தி மாதிரி நிற்கும். நூலுக்கு இந்தத் தொல்லை இல்லை, எடையும் இல்லாத மாதிரிதான். ஆனால் எல்லாரும் இப்படி இல்லை. பேனலுக்குப் பின்னால் சூடு படாத இடத்தில் நல்ல டை போட்டு, வாலை மட்டமாக வெட்டிவிட்டு நிம்மதியாகப் பறப்பவர்கள் ஏராளம். நூல்தான் உசத்தி என்று சண்டை போடுகிறவர்களில் சிலர் படம் எடுத்துக் காட்டத்தான் கட்டுகிறார்களோ என்று எனக்குச் சந்தேகமும் உண்டு. கட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் வரைபடம் தப்பாக இருந்தால் சுவிஸ்ஏர் ஸ்விட்ச் கதைதான்.

வரைபடம்னு சொன்னதும் இன்னொரு தகவல். 2012-இல் அமெரிக்காவின் என்டிஎஸ்பி, அதாவது விபத்துகளை ஆராயும் தேசிய வாரியம், வீட்டில் கட்டிய விமானங்களைப் பற்றி ஒரு ஆய்வு வெளியிட்டது. அதற்கு முந்தைய ஆண்டில் அவர்கள் ஆராய்ந்த விபத்துகளில் பாதிக்கு மேல், விமானத்தைக் கட்டியவர் ஓட்டவில்லை. யாரோ கட்டியதை வாங்கியவர்கள் ஓட்டினார்கள். ஒயரிங்தான் காரணம் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. இஞ்சின் சக்தி இழந்ததும், விமானி கட்டுப்பாட்டை இழந்ததும்தான் முன்னால் நின்றன. ஆனால் அந்த எண்ணிக்கையை ஒயர் கட்டுகிறவரின் இடத்திலிருந்து பாருங்கள். எட்டு வருஷம் கராஜில் உட்கார்ந்து ஒருவர் கட்டுகிறார். எந்த ஒயர் எங்கே போகிறது என்று அவருக்கு மனப்பாடம். வயசாகிறது, விற்கிறார். வாங்கியவர் ஒரு நாள் ரேடியோ வேலை செய்யவில்லை என்று இருக்கையில் தலைகீழாகப் படுத்து, காலை மேலே போட்டு, வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு பேனலுக்கு அடியில் பார்க்கிறார். எல்லாம் ஒரே நிற ஒயர். ஒன்றின் மேலும் எண் இல்லை, பெயர் இல்லை. எதை அறுத்தால் எது நிற்கும்?

அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் ஒவ்வொரு ஒயரின் இரண்டு முனையிலும், சூடுபட்டால் சுருங்கும் குழாயில் எண் அடித்துப் போடுகிறார்கள். அதே எண் வரைபடத்திலும் இருக்கும். இனி யார் வந்து மாற்றினாலும் வரைபடத்தையும் திருத்தணும். இஏஏ சங்கத்தில் அனுபவசாலிகள் சம்பளம் வாங்காமல் கராஜ் கராஜாக வந்து பார்த்துக் கொடுக்கும் ஏற்பாடு உண்டு. கட்டினவர் கண்ணுக்குத் தெரியாத உரசல் வந்தவர் கண்ணுக்குத் தெரியும்.

இந்த எபிசோடுக்காக நானும் கட்டிப் பார்த்தேன். பல் இடுக்கு சுத்தம் பண்ற மெழுகு நூல் ஒரு டப்பா வாங்கினேன், அதுவும் அதே ஜாதிதான். மேசைக்குக் கீழே இருந்த பழைய கேபிள் டைகளை வெட்டி எடுத்தேன். முதல் டை எடுக்கும்போதே பக்கத்து டையோட வெட்டின வால் மணிக்கட்டில் கீறிடுச்சு. அப்புறம் உட்கார்ந்து பதினாலு முடிச்சு. ஆறாவது முடிச்சுலேயே ஆள்காட்டி விரல் சிவந்துபோச்சு, லோகன் போயிங்ல என்ன பார்த்தாருன்னு அப்பத்தான் புரிஞ்சுது. மறுநாள் காலையில் பார்த்தா நாலு முடிச்சு அவிழ்ந்து தொங்குது. இரண்டாவது வளையத்தை நான் எதிர்ப்பக்கமாச் சுத்தியிருந்தேன்.

அடுத்த வாரம் பார்க்கலாம்.